வெட்டிய இடம் கேட்கிறதா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: ஒரே பாட்டு, ஒரே பாடகர், ஆனால் சிடிக்குச் சிடி நீளம் மாறுகிறது, ஏன்? இருபது வருஷத்துக்கு மேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப்பை வெட்டி ஒட்டிப் பிழைத்தவன் நான். இது என் சொந்த ஊர்க் கதை மாதிரி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் 'சாரா' பாட்டு என்னிடம் இரண்டு சிடிகளில் இருக்கிறது. 'டஸ்க்' ஆல்பத்தின் பழைய சிடியில் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. 1988-ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பிலோ ஆறு நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. தொகுப்பில்தானே பாட்டைக் குறைப்பார்கள்? ஆல்பத்தில் முழுசாக இருக்க வேண்டாமா? என் ஆல்பம் சிடி போலியா?

பதில்: போலி இல்லை. பயப்படாதீர்கள். நீங்கள் வைத்திருப்பது அசல்தான். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. வழக்கமாக நடப்பதற்கு நேர்மாறாக நடந்த பாட்டு இது.

'டஸ்க்' 1979-ல் இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டாக வந்தது. நான்கு பக்கம், 20 பாட்டு, மொத்தம் 74 நிமிடத்தை ஒட்டிய நீளம். எல்பியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. பக்கத்துக்குச் சுமார் 18 நிமிடம் வரும், வசதியாக உட்கார்ந்துவிடும். அப்புறம் சிடி காலம் வந்தது. அன்றைய சிடிக்கு 74 நிமிடம்தான் வரம்பு. ஆல்பம் அந்த விளிம்பில் போய் முட்டியது. இரண்டு சிடியாகப் போடலாம், செலவு கூடும். ஒரு பாட்டையே எடுத்துவிடலாம், ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். மூன்றாவதாக ஒரு சுலபமான வழி ஏற்கெனவே பீரோவில் இருந்தது. 'சாரா'வைச் சிங்கிளாக, அதாவது சின்னத் தட்டில் தனிப் பாட்டாக, வெளியிட்டபோது வானொலிக்காகக் குறைத்த பிரதி அது. நடுவிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்ட அந்தப் பிரதியை ஆல்பத்தில் வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கிடைத்தது, 20 பாட்டும் ஒரே தட்டில் அடங்கின.

ஹிட்ஸ் தொகுப்பில் இந்த நெருக்கடி இல்லை. அதனால் முழுப் பாட்டும் அங்கே போனது. பல வருஷங்களுக்கு ஆல்பம் வாங்கியவர்களுக்குக் குறைந்த பாட்டு, தொகுப்பு வாங்கியவர்களுக்கு முழுப் பாட்டு என்ற நிலைமை. 2004-ல் 'டஸ்க்' புதுப்பித்து வந்தபோதுதான் ஆல்பத்துக்கு அதன் பாட்டு முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நீண்ட பிரதியில் அந்தப் பாட்டு எங்கேயும் அவசரப்படாது. டிரம் பிரஷ்ஷால் மெதுவாக வருடிக்கொண்டே போகும், பின்னணிக் குரல்கள் அலை மாதிரி வந்து வந்து போகும். பாட்டை எழுதிப் பாடிய ஸ்டீவி நிக்ஸ் அதை அப்படி மிதக்கிற பாட்டாகத்தான் கட்டியிருக்கிறார். குறைத்ததில் பாட்டு இருக்கிறது, மிதப்பு குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால் இரண்டு நிமிடம் போனது அங்கேதான் உறைக்கிறது.

கேள்வி: சிங்கிளுக்காகப் பாட்டை ஏன் குறைக்க வேண்டும்? முழுதாகவே விற்றிருக்கலாமே?

பதில்: இடம் இல்லாததுதான் ஆரம்பக் காரணம். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டில், 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். அரை நூற்றாண்டுக்கு மக்கள் அந்த அளவிலேயே பாட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். 1949-ல் 45 சுழற்சி சின்னத் தட்டு வந்தபோதும் பழக்கம் மாறவில்லை. வானொலிக்காரர்களுக்கும் அது வசதி. பாட்டு சின்னதாக இருந்தால் மணிக்கு இன்னும் நாலு பாட்டு, இன்னும் நாலு விளம்பரம்.

இன்னொரு காரணம் தட்டிலேயே இருக்கிறது. ஊசி ஓடும் பள்ளம் எவ்வளவு அகலமாக ஆடுகிறதோ அவ்வளவு சத்தம். அதே இடத்தில் நீண்ட பாட்டை அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தம் குறையும். பக்கத்துக் கடையில் ஓடும் தட்டு உரக்கக் கேட்க, உங்கள் தட்டு மட்டும் முனகினால் யார் வாங்குவார்கள்? 1968-ல் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே பக்கத்தில் வந்ததை தட்டுக்கு ஒலியை ஏற்றிக் கொடுத்த அந்தக் காலத்து மாஸ்டரிங் ஆட்கள் ஏன் சாதனையாகப் பார்த்தார்கள் என்பது இப்போது புரியும். 1971-ல் 'அமெரிக்கன் பை' எட்டரை நிமிடம். அதைப் பாதியாகப் பிரித்துத் தட்டின் இரண்டு பக்கத்திலும் போட்டார்கள். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

வெட்டுக்குப் பெரிய உதாரணம் 1967-ல் வந்த டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்'. ஆல்பத்தில் ஏழு நிமிடத்தை ஒட்டி வரும். நடுவே ஆர்கனும் கிதாரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனி ஆவர்த்தனம் நடத்தும். தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். அந்தக் குட்டிப் பிரதிதான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இதில் எதை நீங்கள் 'அசல்' என்பீர்கள்? வானொலியில் கேட்டுத் தலைமுறையே மயங்கியது குட்டியில். குழு வாசித்தது பெரியதில். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வேன். எந்தச் சிடியில் எது இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். 1964-ல் ரைச்சஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்விங் ஃபீலிங்' தட்டின் லேபிளில் 3:05 என்று அச்சிட்டிருந்தது. உண்மையில் அது 3:45. நீளத்தைப் பார்த்து வானொலிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் தெரிந்தேதான் அப்படிப் போட்டார். அந்த மாதிரிப் பழைய எண்களை அப்படியே சிடி அட்டைக்கு நகல் எடுத்தவர்களும் உண்டு.

பிளேயர் காட்டும் நேரத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சிடியில் ஒரு பாட்டின் நேரம் என்பது அடுத்த பாட்டின் தொடக்கக் குறி வரைக்கும் உள்ளது. பாட்டு முடிந்த பிறகு வரும் மௌனமும் அதில் சேரும். மூன்று நாலு விநாடி வித்தியாசம் தெரிந்தால் உடனே வெட்டு என்று முடிவு கட்டாதீர்கள். சிடி ஒரு விநாடியை 75 சட்டங்களாகப் பிரித்து எண்ணுகிறது. கணினியில் போட்டுப் பார்த்தால் அந்த நுணுக்கம் வரைக்கும் தெரியும், பிளேயரின் முகப்பில் விநாடி மட்டுமே தெரியும்.

எனக்கே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஒரு பாட்டின் பன்னிரண்டு அங்குலப் பிரதிக்காக ஒரு தொகுப்பு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அட்டையில் 'முழு நீளப் பிரதி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் நாலு நிமிடத்தில் தேய்ந்து மறைகிறது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. காசு போனது போகட்டும். அந்த அட்டையை நம்பி, பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளும் ஒரு பையனை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

கேள்வி: பன்னிரண்டு அங்குலப் பிரதி என்றால் என்ன?

பதில்: எல்பி அளவுத் தட்டில் ஒரே ஒரு பாட்டு. 1970-களின் நடுவில் டிஸ்கோ நடனத்தளங்களுக்காக வந்தது. நியூயார்க்கில் டாம் மோல்டன் போன்றவர்கள், ஆடுகிறவர்கள் நிற்காமல் ஆட வேண்டும் என்று பாட்டை நீட்டினார்கள். இங்கே வெட்டுவதற்குப் பதில் சேர்த்தார்கள்: தாளப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள், குரலை எடுத்துவிட்டு டிரம்மை மட்டும் ஓடவிட்டார்கள். தட்டில் இடம் தாராளம் என்பதால் பள்ளம் அகலமாக ஆடும், பேஸ் நெஞ்சில் இடிக்கும். சில பாட்டுகள் இந்த வடிவிலேயே பிறந்தவை. நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' 1983-ல் ஏழரை நிமிடப் பாட்டாகத்தான் வந்தது. 1988-ல் மறுபடி மிக்ஸ் செய்த, அதாவது குரலையும் வாத்தியங்களையும் புதிதாகக் கலந்த, சின்னப் பிரதி ஒன்று வந்தது. தொகுப்பு வாங்கும்போது பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் '88' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வெட்டியதே தெரியாமல் எப்படி வெட்டுகிறார்கள்? காதால் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஸ்டுடியோ டேப் விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும், அதாவது 38 சென்டிமீட்டர். இசையில் ஒரு விநாடி என்பது உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள டேப் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கால் விநாடி என்றால் ஒரு விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. கையில் எடுத்துப் பார்க்கலாம். கணினியில் வெட்டுகிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது.

வெட்ட வேண்டிய இடம் வந்ததும் மெஷினை நிறுத்துவோம். இரண்டு ரீல்களையும் கையால் பிடித்து டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் முன்னும் பின்னும் தேய்ப்போம். அப்போது டிரம் அடி டிரம் மாதிரி கேட்காது. ஆழமான கிணற்றுக்குள் யாரோ உறுமுவது மாதிரி 'ஊ...ர்ர்' என்று வரும். அந்த உறுமல் தொடங்குகிற மயிரிழையில் நிறுத்தி, டேப்பின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் அலுமினியக் கட்டையின் காடியில் டேப்பைப் படுக்க வைத்து, சாய்வாக வெட்டியிருக்கும் பிளவில் பிளேடை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சாய்வாக ஏன்? நேராக வெட்டினால் ஒலி சட்டென்று மாறி 'டிக்' என்று கேட்கும். சாய்ந்த வெட்டில் ஒன்று தேய, மற்றது ஏறும். அடுத்த துண்டின் முனையை ஒட்ட வைத்து, வெள்ளை ஒட்டு நாடாவை மேலே போட்டு, நகத்தால் நீவிவிட்டால் முடிந்தது. எடுத்த துண்டு தரையில் சுருண்டு கிடக்கும். வாசித்தவர் வந்து அதைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே கூட்டியிருக்கிறேன்.

பெரும்பாலும் டிரம் அடிக்கு மயிரிழை முன்னால்தான் வெட்டுவோம். அந்த அடி காதைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் நடந்ததைக் கவனிக்க விடாது. அதனால் வெட்டைத் தேடும்போது அடியைக் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் அடித்த தாளத்தட்டின் (சிம்பல்) நாதத்தைக் கேளுங்கள். தாளத்தட்டை அடித்தால் 'ஜ்ஞ்ஞ்' என்று மூன்று நாலு விநாடி ஓடித்தான் அடங்கும். வெட்டிய இடத்தில் அது பாதியில் அறுந்து போகும். குரலின் எதிரொலிக்கும் இதே கதிதான்: வரி முடிந்ததும் மறைய வேண்டிய வால் மறையாமலே காணாமல் போகும். இன்னொன்று மூச்சு. பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும், வரி வராது. அல்லது மூச்சே இழுக்காமல் இரண்டு நீண்ட வரிகள் அடுத்தடுத்து வரும். ஹெட்ஃபோன் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து இரவில் கேளுங்கள். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பாட்டில் அந்த இடம் கேட்காமல் போகாது.

கணினி இருந்தால் இன்னொரு வழி உண்டு. இரண்டு சிடியிலிருந்தும் பாட்டை எம்பி3 ஆக்காமல் அப்படியே எடுங்கள். ஒலி எடிட்டரில் மேலும் கீழுமாக வைத்துத் தொடக்கத்தைச் சரியாகப் பொருத்துங்கள். ஒன்றின் அலையைத் தலைகீழாகப் புரட்டி இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். இரண்டும் ஒரே டிஜிட்டல் பிரதியிலிருந்து வந்திருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், மௌனம் மட்டும் மிஞ்சும். நான் முதல் தடவை இப்படிச் செய்தபோது இரண்டு நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஹெட்ஃபோன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். அந்த நொடியில் முழு இசைக்குழுவும் காதுக்குள் பாய்ந்தது. ஒரு சிடியில் அந்த இடத்தில் ஒரு சரணத்தை எடுத்திருந்தார்கள். அன்றைக்குத் தூங்கவில்லை, அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துச் சோதித்தேன்.

ஆனால் எச்சரிக்கை: மௌனம் வராவிட்டால் வெட்டு என்று அர்த்தம் இல்லை. டேப்பிலிருந்து தனித்தனி நாளில் எடுத்த இரண்டு பிரதிகள் ஒருநாளும் முழுசாகப் பொருந்தாது. மெஷினின் வேகம் கொஞ்சம் ஆடியிருக்கும், பேஸைக் கூட்டியிருப்பார்கள். அங்கே காதுதான் கடைசி சாட்சி.

கேள்வி: ஒரு வரிகூடக் குறையவில்லை, ஆனாலும் புதிய சிடியில் பாட்டு பத்து விநாடிக்கு மேல் சின்னதாக இருக்கிறது. எப்படி?

பதில்: வேகம். இதில் வெட்டே இல்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போகிற அளவு சுருதி ஏற, டேப்பைக் கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகமாக ஓட்ட வேண்டும். அதில் பாதி மாறினாலும் சாதாரணக் காதுக்கு உறைக்காது, கடிகாரத்துக்கு உறைக்கும். மேலே சொன்ன 'லைட் மை ஃபயர்' ஆல்பப் பிரதி சுமார் 3.5 சதவீதம் மெதுவாக ஓடியிருந்தது. ஏழு நிமிடத்தில் அது பதினான்கு விநாடி. குழுவின் 40-வது ஆண்டை ஒட்டி வந்த பதிப்புகளில்தான் அதைத் திருத்தினார்கள்.

ஜாஸில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல் வந்தது. அதில் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் 33 வருஷம் சுருதி ஏறியே ஒலித்தன. பதிவு நாளில் முதன்மை மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் இசை வேகமாக வரும். கூடவே ஓடிய பாதுகாப்பு மெஷின் ஒழுங்காக ஓடியிருந்தது. 1992-ல் அந்த ரீலிலிருந்து சிடி எடுத்தபோதுதான் சரியான சுருதி வெளியே வந்தது. அதுவரைக்கும் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் எத்தனை பேர் தங்கள் வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்!

கேள்வி: பாட்டின் கடைசியில் ஒரு சிடியில் யாரோ கத்துவது கேட்கிறது, இன்னொன்றில் இல்லை.

பதில்: பாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஆக இருந்தால் விடை சுலபம். 1968-ல் மோனோவுக்கும் (ஒரே ஒலி வழி) ஸ்டீரியோவுக்கும் (இடம், வலம் என இரண்டு வழி) தனித்தனியாக மிக்ஸ் செய்தார்கள். ஸ்டீரியோவில் பாட்டு தேய்ந்து மறைந்து, திரும்ப வந்து, விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ கத்துவதோடு முடியும், நாலரை நிமிடம். மோனோவில் முதல் மறைவோடு சரி, மூன்றரை நிமிடத்தை ஒட்டி நின்றுவிடும், கத்தல் இல்லை. சிடியில் நெடுங்காலம் ஸ்டீரியோதான் இருந்தது. 2009-ல் மோனோ பெட்டி வந்த பிறகு இரண்டும் கிடைக்கிறது.

கேள்வி: எல்லாம் புதுப்பித்து வருகிறதே. பழைய சிடிகளைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். வானொலிக்காகக் குறைத்த பிரதி, தப்பான வேகம், சீக்கிரமே தேய்ந்து மறையும் முடிவு, இவையெல்லாம் புதிய பதிப்பில் 'சரிசெய்யப்பட்டு' காணாமல் போகும். நீங்கள் சின்ன வயதில் கேட்டது ஒருவேளை அந்தச் 'சரியில்லாத' பிரதியாக இருக்கும். அது உங்கள் பழைய சிடியில் மட்டுமே இருக்கலாம்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சிடிப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் பாட்டின் பெயர், சிடி வந்த வருஷம், முதல் சத்தம் முதல் கடைசிச் சத்தம் வரைக்கும் நீங்களே கேட்டுக் குறித்த நேரம், மறைவதற்கு முன் கடைசியாகக் காதில் விழும் சொல், இந்த நாலும் போதும். என் அலமாரியில் 'சாரா' இருக்கும் மூன்று பெட்டியிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. பழைய 'டஸ்க்' பெட்டியில் இருப்பதில் மட்டும் பென்சிலால் கூடுதலாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'நடுவில் ஒரு துண்டு இல்லை.'